தாமே மூழ்கிப் பார்த்த விஞ்ஞானி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரி வற்றிக் கிணற்று நீரும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போதுதான் தூர் எடுக்கும் வேலை தொடங்கும். ஆட்கள் உள்ளே இறங்குவதற்கு முன் என் தாத்தா ஒரு காரியம் செய்வார். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி, மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் விடுவார். அடிவரை எரிந்தால் ஆள் இறங்கலாம். நடுவிலேயே அணைந்துவிட்டால் யாரும் இறங்கக்கூடாது. பெரிய வேப்பங்கிளை ஒன்றை வெட்டிக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக இழுத்து, உள்ளே தேங்கிய காற்றைக் கலக்குவார்கள். பிறகு மறுபடியும் விளக்கு இறங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விளக்கை இறக்காமலே ஒருவர் கிணற்றில் இறங்கினார். அவர் மயங்கி விழுந்ததைக் கண்டு, காப்பாற்றுவதற்காக அவருடைய தம்பியும் இறங்கினார். இருவரும் உயிரோடு மேலே வரவில்லை. அந்த வீட்டுப் பெண் என்னோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவள். கிணற்றில் தண்ணீரே இல்லாதபோது அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் எப்படி இறந்தார்கள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கேள்வியோடு பள்ளி நூலகத்துக்குச் சென்றேன். பதிலோடு கூட ஒரு மனிதரின் வாழ்க்கையும் கிடைத்தது. தோழியரே, அவரைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

அவர் பெயர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். இவ்வளவு நீண்ட பெயரை யாரும் சொல்வதில்லை, ஜே.பி.எஸ். ஹால்டேன் என்றே உலகம் அவரை அறியும். 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்து, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நம் இந்தியாவில், இந்தியக் குடிமகனாகவே மறைந்தார். பரம்பரை இயலில் கணிதத்தைப் புகுத்திய மேதை என்று பெரிய நூல்கள் அவரைப் போற்றுகின்றன. ஆனால் என்னைக் கவர்ந்தது வேறொன்று. நீருக்கடியில் மனிதன் எப்படி மூச்சு விடலாம், எந்தக் காற்று எந்த ஆழத்தில் அவனைக் கொல்லும் என்பதைத் தம் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக் கண்டறிந்தவர் அவர்.

அவரைப் பற்றிச் சொல்வதற்குமுன் அவருடைய தந்தையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜான் ஸ்காட் ஹால்டேன் காற்றையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். குடிசை வீடுகள், பாதாளச் சாக்கடைகள், நிலக்கரிச் சுரங்கங்கள் என்று மூச்சு முட்டும் இடம் எதுவானாலும் கண்ணாடிக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சுரங்கங்களில் வெடி விபத்து நேர்ந்தால் தொழிலாளர்கள் பெரும்பாலும் வெடியால் இறப்பதில்லை, அதன்பின் பரவும் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவால்தான் இறக்கிறார்கள் என்பதை 1896ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக் காட்டினார். சுண்டெலி போன்ற சிறு பிராணிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லும்படி யோசனை சொன்னவரும் அவரே. சிற்றுயிர் முதலில் மயங்கிவிடும்; அதைக் கண்டு மனிதன் வெளியேறிவிடலாம். பிற்காலத்தில் கேனரிப் பறவைகள் அந்த வேலையைச் செய்தன. எங்கள் தாத்தாவின் விளக்கும் அந்தப் பறவையும் ஒரே வேலையைச் செய்பவை என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் விளக்கு அறியாத விஷவாயுக்களும் உண்டாம். விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே அவை ஆளை வீழ்த்திவிடும்.

இத்தகைய தந்தையின் மகன் எப்படி வளர்ந்திருப்பான்! நான்கு வயதிலேயே லண்டன் சுரங்க ரயிலில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவர் குப்பியில் காற்றுப் பிடிப்பதைப் பார்த்தான். சிறிது வளர்ந்ததும் சோதனைச்சாலையில் எடுபிடி வேலைகள் செய்தான்.

ஒருமுறை ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்குத் தந்தை அவனை அழைத்துச் சென்றார். தாழ்வான ஓரிடத்தில் ஊர்ந்து சென்றபின் சற்று நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்தது. மகனை எழுந்து நின்று, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் இரங்கற்பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் எழுந்து நின்று ஒப்பிக்கத் தொடங்கினான். சில வரிகள்தாம் சென்றிருக்கும். மூச்சு வாங்கியது, கால்கள் துவண்டன, தரையில் விழுந்தான். கீழே விழுந்ததும் மூச்சு சீராயிற்று. காரணம், சுரங்கத்தில் ஊறும் மீத்தேன் வாயு காற்றைவிட இலேசானது. அது கூரையை ஒட்டியே தங்கும். தரையில் நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தை அந்தப் பையன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. நம் வகுப்பிலும் அதே பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். தவறவிட்டால் பெஞ்சின்மேல் நிற்க வேண்டியதுதான், விழ வேண்டியதில்லை!

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, நம் கிணற்றில் கீழே விழுந்தவன் பிழைப்பதில்லையே என்று கேட்டார். சரியான கேள்விதான். கிணற்றடியில் தேங்குவது கரியமிலவாயு. அது காற்றைவிடக் கனமானது; தண்ணீர்போலப் பள்ளத்தில் தங்கும். மண்ணிலிருந்து ஊறிவரும் அந்தக் காற்றில் பிராணவாயுவும் குறைவு. சுரங்கத்தில் விழுந்தால் பிழைக்கலாம், கிணற்றில் விழுந்தால் பிழைக்க முடியாது. என் தோழியின் அப்பா விழுந்த இடம் அப்படிப்பட்டது. அவரைத் தூக்கக் குனிந்த தம்பியும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்.

இனிக் கடலுக்கு வருவோம். மனிதன் கடலடிக்குச் செல்ல ஆசைப்பட்டது நேற்று இன்று அல்ல. நம் தூத்துக்குடிக் கடலில் பல நூற்றாண்டுகளாக முத்துக் குளித்திருக்கிறார்கள். எந்தக் கருவியும் கிடையாது. காலில் ஒரு கல், இடுப்பில் ஒரு பை, மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கையான ஓர் ஆள், அவ்வளவே. மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்துக்குச் சென்று, ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேலாக அடியில் இருந்து, சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு கயிற்றை அசைத்தால் மேலே இழுத்துக்கொள்வார்கள். கயிற்றைப் பிடித்தவன் கையில் உயிர் இருந்தது. அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு அங்கு 1961ஆம் ஆண்டு நடந்தது.

மேல்நாட்டில் மூச்சை அடக்குவதற்குப் பதிலாகக் காற்றையே கீழே கொண்டுபோக வழி தேடினார்கள். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, 1691இல் பெரிய மணிபோன்ற கூண்டு ஒன்றைக் கடலில் இறக்கி, பீப்பாய்களில் காற்றை நிரப்பி அதற்கு அனுப்பினார். ஒரு டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரில் அழுத்தினால் உள்ளே காற்று நிற்கிறதல்லவா, அதே தத்துவம். 1837இல் அகஸ்டஸ் ஸீபே என்பவர் செம்புத் தலைக்கவசமும் நீர் புகாத அங்கியும் சேர்ந்த உடையைச் செய்தார். படகிலிருந்து பம்பு அடித்துக் குழாய் வழியாகக் காற்று அனுப்பினார்கள். மூச்சுக் கஷ்டம் தீர்ந்தது.

ஆனால் புதிய கஷ்டம் ஒன்று வந்து சேர்ந்தது. ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்துவிட்டு மேலே வந்தவர்கள், வந்த சிறிது நேரத்தில் மூட்டுவலியால் துடித்தார்கள். சிலருக்குக் கைகால் விழுந்துவிட்டது. சிலர் இறந்தே போனார்கள். கீழே இருக்கும்வரை ஒன்றுமில்லை; மேலே வந்தால் ஆபத்து. இது எப்படி?

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே குமிழி ஒன்றும் தெரியாது. கோலியைக் கட்டைவிரலால் அழுத்தியவுடன் புஸ் என்று குமிழிகள் பொங்கி வருகின்றன. அழுத்தத்தால் தண்ணீரில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் போனதும் வெளியே ஓடிவருகிறது. கடலில் 33 அடி இறங்கினால் நம்மேல் உள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. 66 அடியில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொள்கிறது. மூழ்கியவர் சரேலென்று மேலே வந்தால் அவர் உடம்பே திறந்த சோடா பாட்டில் ஆகிவிடுகிறது. நைட்ரஜன்தான் குற்றவாளி என்பதைப் பால் பெர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878இல் கண்டார். எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டறியும் பொறுப்பு பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து தந்தை ஹால்டேனிடம் வந்தது. அவர் ஆடுகளை வாங்கினார்! இரும்பு அறைக்குள் 85 ஆடுகளைக் கொண்டு அழுத்தத்தை ஏற்றி இறக்கி, எந்த ஆடு நொண்டுகிறது, எது நலமாக இருக்கிறது என்று கணக்கெடுத்தார். அழுத்தம் பாதியாகும்வரை விரைவாக ஏறினாலும் தீங்கில்லை என்பது தெரிந்தது. 165 அடியில் உள்ளவர்மேல் ஆறு மடங்கு அழுத்தம். அவர் மூன்று மடங்கு அழுத்தமுள்ள 66 அடிவரை நேராக வரலாம். அதற்குமேல் மாடிப்படியில் வயதானவர்கள் நின்று நின்று ஏறுவதுபோல, குறிப்பிட்ட ஆழங்களில் குறிப்பிட்ட நிமிடங்கள் தங்கித் தங்கி வரவேண்டும். 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் டேமண்ட், காட்டோ என்ற இரு கடற்படையினர் இந்த முறைப்படி 210 அடிவரை சென்று நலமாகத் திரும்பினார்கள். 1908இல் அந்த அட்டவணைகள் அச்சாயின. பிற்காலத்தில் அதே டேமண்டின் தலைமையில் லாரன்டிக் என்ற கப்பலோடு மூழ்கிய 3211 தங்கக் கட்டிகளில் 3186ஐ மீட்டெடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் நடந்த அந்த வேலையில் மூழ்கியவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. எனக்குத் தங்கத்தைவிட இந்தச் செய்திதான் பெரிதாகத் தெரிகிறது.

1906ஆம் ஆண்டுச் சோதனைகளுக்கு நம் கதாநாயகனும் போயிருந்தான். அப்போது அவனுக்கு வயது 13. தந்தை அவனையும் கடலில் இறங்க அனுமதித்தார். பெரியவர்களுக்குத் தைத்த உடை சிறுவனுக்கு எப்படிப் பொருந்தும்? மணிக்கட்டில் இறுக்கமாக இல்லாததால் குளிர்ந்த கடல்நீர் உள்ளே ஏறியது. ஆனாலும் அவன் அலறவில்லை. கற்றுக்கொடுத்தபடி காற்று வால்வைத் திருகிச் சமாளித்து, சொன்ன நேரம்வரை கீழே இருந்தான். மேலே தூக்கியபோது நடுங்கிக்கொண்டிருந்தான். கம்பளி போர்த்திப் படுக்க வைத்தார்கள். நம் அம்மாக்கள் இதைக் கேட்டால் அந்த அப்பாவை என்ன சொல்வார்களோ! எனக்கும் அது சரியென்று படவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மகனை இறக்கிய அதே தந்தை, அதைவிடக் கொடிய காற்றையெல்லாம் முதலில் தாம் சுவாசித்துப் பார்த்தவர்.

ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு படிப்பு ஆகியவற்றை நான் விரிக்கவில்லை. முதல் உலகப்போரில் அவர் படையில் சேர்ந்தார். 1915இல் ஜெர்மானியர் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியபோது தந்தையும் மகனும் ஒரு அறைக்குள் அந்த வாயுவைச் சுவாசித்து முகமூடிகளைச் சோதித்தார்கள். பின்னர் மெசபடோமியாவில் காயம்பட்டுச் சிகிச்சைக்காக இந்தியாவுக்கு வந்தார். நம் நாட்டை அவர் முதலில் கண்டது அப்போதுதான். போருக்குப்பின் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பணியாற்றிப் பரம்பரை இயலில் புகழ் பெற்றார். அக்காலத்திலும் தம்மைச் சோதிக்கும் பழக்கம் போகவில்லை. இரத்தத்தில் அமிலம் கூடினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்தார். பல நாட்கள் மூச்சிரைப்போடு கிடந்தார்.

1939ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தீட்டிஸ் என்ற புத்தம்புதிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் வெள்ளோட்டம் சென்றது. கப்பல் கட்டிய தொழிலாளர்களும் விருந்தினரும் சேர்ந்து அதில் 103 பேர் இருந்தனர். வழக்கமாக இருக்க வேண்டியவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முன்பக்கக் குழாய் ஒன்றில் தண்ணீர் இருக்கிறதா என்று காட்டும் சிறு துளை, வண்ணப்பூச்சால் அடைபட்டிருந்தது. தண்ணீர் இல்லையென்று எண்ணிக் கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே புகுந்தது. கப்பலின் முன்புறம் சேற்றில் குத்தி நிற்க, வால் நீருக்குமேல் தெரிந்தது. அந்த வாலைச் சுற்றிப் படகுகள் நின்றன. ஆனாலும் நான்கு பேர்தாம் தப்பினர். 99 பேர் உள்ளேயே இறந்தார்கள்.

இறந்தவர்களின் தொழிற்சங்கங்கள் ஹால்டேனை நாடின. அவர் காகிதத்தில் கணக்குப் போட்டு அறிக்கை எழுதியிருக்கலாம். அவர் செய்தது அதுவல்ல. தம் நண்பர்கள் நால்வரோடு இரும்பு அறை ஒன்றுக்குள் சென்று, கதவை மூடச் சொல்லி, பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாம் வெளிவிடும் மூச்சில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமிலவாயு. அடைத்த அறையில் அது ஏறிக்கொண்டே போகும். தலைவலி வந்தது, நெஞ்சு படபடத்தது, பேசவும் முடியாமல் இரைத்தது. அதன்பின் தப்பிக்கும் கருவியை மாட்டிச் சுத்தப் பிராணவாயுவுக்கு மாறியபோது நிம்மதி வரவில்லை, குமட்டல் வந்தது! கப்பலில் இருந்தவர்களுக்கு அந்த நிலையில் எந்தக் கருவியையும் ஒழுங்காக மாட்டியிருக்க முடியாது என்பது விளங்கிற்று. உதவிக்காகக் காத்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுடைய பலத்தைத் தின்றுவிட்டது. காற்று கெடுவதற்கு முன்பே வெளியேற முயல வேண்டும் என்பதை அவர் தம் மூச்சாலேயே நிரூபித்தார்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் கடற்படை அவரிடம் மேலும் பல கேள்விகளைக் கொடுத்தது. ஸீபே ஆரம்பித்த கம்பெனியின் தொழிற்சாலையில், பெரிய கொதிகலன் போன்ற இரும்பு உருளைக்குள் சோதனைகள் நடந்தன. நிமிர்ந்து நிற்க இடமில்லை, குந்தியிருக்க வேண்டும். காற்றை அழுத்தும்போது உள்ளே அடுப்பங்கரைபோலச் சூடேறும். அழுத்தத்தைக் குறைத்தால் குளிர்ந்து பனி மூடும். துணைக்கு வந்தவர்களில் மார்ட்டின் கேஸ் என்ற விஞ்ஞானியும், பின்னாளில் ஹால்டேனின் மனைவியான ஹெலன் ஸ்பர்வே அம்மையாரும், ஸ்பெயின் நாட்டின் முன்னாள் பிரதமர் நெக்ரின் அவர்களும் இருந்தார்கள். பிரதமராக இருந்த ஒருவர் இரும்பு டப்பாவுக்குள் குந்தி உட்கார்ந்திருந்ததை எண்ணிப் பாருங்கள்!

பத்து மடங்கு அழுத்தத்தில், அதாவது 300 அடி ஆழத்துக்குச் சமமான நிலையில், சாதாரணக் காற்றைச் சுவாசித்தவர்கள் மதுவுண்டவர்போல ஆனார்கள். காரணமின்றிச் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். ஹால்டேன் அவர்களுக்குப் பெருக்கல் கணக்குகளைக் கொடுத்தார். படித்த மேதைகள் தப்புத்தப்பாகப் போட்டார்கள். இடுக்கியால் சிறு உருண்டைகளை எடுத்துப் போடும் வேலையும் தடுமாறியது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த வாயுவைக் கொடுத்ததும் புத்தி தெளிந்தது. கணக்குப் பரீட்சையில் நான் செய்யும் தப்புகளுக்கு நைட்ரஜனைக் குறை சொல்ல முடியாதென்பது எனக்கு வருத்தம்தான்.

பிராணவாயு என்பது பெயரிலேயே உயிரைக் கொண்டது. அதுவும் ஆழத்தில் எதிரியாகும். அக்காலத் தவளை மனிதர்கள் என்னும் இரகசிய வீரர்கள் சுத்தப் பிராணவாயுவையே பையில் அடைத்துக்கொண்டு மூழ்கினார்கள். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவைச் சோடாச் சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். மீதியைத் திரும்பச் சுவாசிக்கலாம். குமிழி வெளியே வராததால் எதிரிக்குத் தெரியாது. 1878இல் ஹென்றி ஃப்ளூஸ் என்பவர் செய்த கருவியின் வழிவந்தது இது. ஆனால் அழுத்தம் மிகுந்தால் பிராணவாயு வலிப்பை உண்டாக்கும். எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நிமிடத்தில்? ஹால்டேனும் ஹெலன் அம்மையாரும் மற்றவர்களும் தாமே சுவாசித்துப் பார்த்தார்கள். இருவருக்கும் வலிப்பு வந்தது. ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கி, அந்த வலி பல ஆண்டுகள் அவரை விடவில்லை. ஒருவருக்குத் தாங்கும் நேரம் மற்றவருக்குத் தாங்குவதில்லை என்பதும், ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறுகிறது என்பதும் தெரிந்தன. இன்று சுத்தப் பிராணவாயுவோடு சுமார் 20 அடிக்குக் கீழே போகக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவர் வேடிக்கையை விடவில்லை. அழுத்தத்தால் காதின் சவ்வு கிழிந்துபோனபோது, கேள்வி சற்று மந்தமானாலும் புகையிலைப் புகையைக் காதுவழியே விட்டுக் காட்டலாமே என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தாராம். வாசனையோ ருசியோ இல்லாதது பிராணவாயு என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோம். ஆறு மடங்கு அழுத்தத்தில் அது புளிப்பும் இனிப்புமாக ருசிப்பதை அவர் கண்டார். பரீட்சையில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று தெரியவில்லை.

1943இல் பிரான்சில் கூஸ்தோ, காஞ்ஞான் என்ற இருவர், மூச்சு இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றுத் தரும் வால்வைச் செய்தார்கள். முதுகில் உருளையைக் கட்டிக்கொண்டு மீன்போல நீந்தும் காலம் பிறந்தது. ஆனால் எந்தக் கருவியை மாட்டினாலும் உடம்பு பழைய உடம்புதான். தூத்துக்குடியில் சங்கு குளிப்போர் பலர் இப்போது படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றைக் குழாய்வழியே சுவாசிக்கிறார்கள். மூச்சடக்கி மூழ்கிய அவர்களுடைய தாத்தாக்களுக்கு வராத மூட்டுவலியும் கைகால் முடக்கமும் இவர்களில் சிலருக்கு வருகின்றன. தங்கித் தங்கி ஏறவேண்டும் என்று 1908இல் அச்சான அட்டவணை அவர்கள் எல்லோரையும் இன்னும் சென்று சேரவில்லை.

ஹால்டேன் 1957இல் லண்டன் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு மனைவியோடு இந்தியாவில் குடியேறினார். எகிப்தின்மீது 1956இல் பிரிட்டன் படையெடுத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. நம் நாட்டின் தட்பவெப்பமும், அகிம்சைக் கொள்கையும் அவருக்குப் பிடித்திருந்தன. காலுறை போட்டுக்கொள்ள வேண்டாம் என்பதும் ஒரு காரணமென்று வேடிக்கையாகச் சொல்வார். கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். வெள்ளை ஜிப்பா அணிந்தார், புலால் உண்பதை விட்டார், 1961இல் இந்தியக் குடிமகனானார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று இங்குள்ள மாணவர்கள் ஏங்கியபோது, கண்ணும் பொறுமையும் போதும் என்று பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ண வைத்தார். நம் பள்ளித் தோட்டத்துப் பவழமல்லியின் அடியில் உதிர்ந்தவற்றை நானும் எண்ணினேன். ஆறு இதழ்ப் பூக்களே மிகுதி. ஐந்தும் ஏழும் கூட உண்டு.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. சில ஆண்டுகள் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் இருந்தார். நம் ஆண்டு மலரில் இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதலாமா என்று தயங்கிச் சிஸ்டரிடம் கேட்டேன். உண்மையை மறைக்காமல் அதையும் சேர்த்து எழுது என்றார்கள். எழுதிவிட்டேன்.

1962இல் ஒரிஸா முதலமைச்சர் பிஜு பட்நாயக் அழைப்பின்பேரில் புவனேஸ்வரம் சென்று புதிய ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். மறு ஆண்டே புற்றுநோய் கண்டது. லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட காலத்தில், அந்த நோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதி வெளியிட்டார். மருத்துவரிடம் போக வெட்கப்பட்டுத் தாமதிப்பவர்கள் அதைப் படித்தாவது சீக்கிரம் போகட்டும் என்பது அவர் எண்ணம். தம் மரணச் செய்தியைத் தாமே தொலைக்காட்சிக்குப் பதிவு செய்தும் கொடுத்தார். இந்தியாவுக்குத் திரும்பி வந்து புவனேஸ்வரத்தில் காலமானார்.

பதின்மூன்று வயதில் கடல்நீர் நனைத்த அந்த உடம்பை அவர் எரிக்கவும் சொல்லவில்லை, புதைக்கவும் சொல்லவில்லை. அவர் எழுதிவைத்தபடி ஆந்திராவிலுள்ள காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காக, அதை அனுப்பிவைத்தார்கள்.